லாம்ப் ரூம் லாசரும் இருபத்தொன்பதாவது பாட்டும்

இது நான் நேரில் பார்த்ததில்லை. ஜெனிட்டா எனக்குச் சொன்னது. அதுவும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகிற ரயிலில் நாலைந்து நாள் எதிரெதிரே உட்கார்ந்து, மாலூரில் கொஞ்சம், ஒயிட்ஃபீல்டில் கொஞ்சம் என்று சொன்னாள். ஒருத்தி மனசுக்குள் ஓடியதை இன்னொருத்தி எழுதினால் எங்காவது பிசகும். எழுதி முடித்து அவளிடமே படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். மற்றதுக்கெல்லாம் "இருக்கட்டும்" என்றாள்.

அன்றைக்கு ஜெனிட்டாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நெரிசலில் நின்றிருந்தால் யோசிக்க முடியாது, கண்டவர் முழங்கையும் கண்டவர் பையும் இடித்துக்கொண்டே பெங்களூர் வந்துவிடும். இப்போது மடியில் பிளாஸ்டிக் ஃபைல், ஃபைலுக்குள் நூற்றுப் பன்னிரண்டு பக்கம், எல்லாம் பதினொரு மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டியவை, அதில் ஒரே ஒரு பக்கம். இருபத்தொன்பதாவது பாட்டு. மற்ற நாற்பத்திரண்டு பாட்டுக்குக் கீழேயும் 'சி. லாசர்' என்று இருக்கிறது. இதன் கீழே மட்டும் 'ம. அருளப்பன்'. அருளப்பன் அவளுடைய அப்பா. அவளுக்கு ஒன்றரை வயசாக இருந்தபோது கோலார் தங்கவயல் சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்துப்போனவர். பாட்டு அவர் எழுதியதில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்தாள், விரல் ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை, மற்ற நாளெல்லாம் ஒரு கால்புள்ளிக்கு மூன்று தடவை திரும்பிப் பார்க்கிறவள். அவள் வேலை செய்கிற பதிப்பகத்தில் பிரபாவதி மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எல்லாத்துலயும் லாசர், இதுல மட்டும் யாரும்மா இது?" என்று கேட்டார். 'எங்கப்பா மேடம்' என்று அவள் வாய் சொன்னது. மேடம் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் முன்னுரையில் ஒரு பத்தி புதிதாக முளைத்திருந்தது, சுரங்கத் தொழிலாளி அருளப்பன் எழுதிய ஒரே பாட்டு, அவருடைய மகளே இந்நூலின் உதவியாசிரியர் என்று. உதவியாசிரியர். வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவள், அந்தச் சொல்லை மட்டும் விரலால் மூடித் திறந்து இன்னொரு தடவை படித்தாள். ரயில் சாம்பியன் ஸ்டேஷனை விட்டு நகர்ந்தது. எதிரே ரோஸி அக்கா மடியில் முறத்தை வைத்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தாள். தினமும் பங்காருப்பேட்டை வருவதற்குள் ஒரு படி பிதுக்கிவிடுவாள்.

"இன்னாடி, பரிட்சைக்குப் போற மாதிரி உக்காந்துகினு இருக்கே?" என்றாள் ரோஸி அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கு அந்த ஃபைலை இன்னாத்துக்கு இப்படிக் கட்டிப் புடிச்சிருக்கே? கொழந்தையா அது? இந்தா, ரெண்டு பிதுக்கு. கை வேலை செஞ்சா மண்டை சும்மா இருக்கும்."

அவள் ஒரு கைப்பிடி வாங்கிப் பிதுக்கினாள். மண்டை சும்மா இருக்கவில்லை. லாசர் மாமாவுக்கும் கை வேலை செய்யும்போதுதான் மண்டை ஓடும் என்று அவரோடு கிட்டார் வாசித்த பென்னட் அங்கிள் சொல்லியிருக்கிறார். விளக்கைத் துடைத்துக்கொண்டே முணுமுணுப்பாராம். லாம்ப் ரூம் லாசர். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொரு ஆளும் அவருடைய ஜன்னலில் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு விளக்கு வாங்கிப் போக வேண்டும், ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தும் ஆணியில் ஒரு டோக்கன் தொங்கினால் அந்த ஆள் மேலே வரவில்லை என்று அர்த்தம். ஊரில் எல்லோருக்கும் முன்னால் அது லாசருக்குத்தான் தெரியும், பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்னால், மேனேஜருக்குத் தெரிவதற்கு முன்னால், அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷன் முப்பத்தோரு வருஷம் நின்றிருக்கிறான். அப்படி நின்றவன் பாட்டு எழுதாமல் வேறு என்ன செய்வான் என்று அவளுக்குத் தோன்றும், ஆனால் அதே ஜன்னலில் அவருக்கு முன்னும் பின்னும் வேறு பேர் நின்றார்கள், அவர்கள் எழுதவில்லை. ஆபீசர்கள் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டு போடுகிற வேலையும் லாசர் பார்த்தார். அங்கேதான் அமெரிக்கக் கறுப்பர்கள் பாடிய 'சோல்' இசை ரெக்கார்டுகளை முதலில் கேட்டார். இங்கிலீஷ் பாதிக்கு மேல் விளங்காது. 'விளங்காததே நல்லதாப் போச்சு பென்னட்டு, வெளங்கியிருந்தா வார்த்தையைக் கேட்டுகினு குரலை விட்டிருப்பேன்' என்பாராம். அவர் கணக்கில், ஒருத்தன் அழுவான், பின்னாலேயே மூணு பேர் ஆமான்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான் பாட்டு, ஆமா சொல்ல ஆள் இல்லாதவன் அழுறது வெறும் அழுகை. பென்னட் அங்கிள் இதைச் சொன்னபோது ஜெனிட்டா நோட்டில் எழுதிக்கொண்டாள், பிறகு எழுதியதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். பி.ஏ.வில் மூன்று வருஷம் கவிதை படித்தாள், யாரும் இப்படி ஒரு வரியில் சொல்லித் தரவில்லை. கிளப்பில் அந்தக் குரலைக் கேட்டதும் லாசர் ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தாராம், மறுபடி, மறுபடி, ஆபீசர் ஒருத்தர் வந்து கத்தும்வரை. 'இவன் நம்ம லைன் வீட்டு ஆளுடா' என்று பென்னட்டிடம் சொன்னாராம். கடல் தாண்டி ஒருத்தன் பாடுகிறான், தகரக் கூரைக்கடியில் எட்டடிக்குப் பத்தடி வீட்டில் பிறந்தவன் அவனைச் சொந்தக்காரன் என்று அடையாளம் கண்டுகொள்கிறான்.

உரிகத்தில் கூட்டம் ஏறியது. யாரோ ஒரு தூக்குவாளியை அவள் காலடியில் வைத்துவிட்டு "பாத்துக்கோம்மா" என்றார்கள், அவள் பார்த்துக்கொண்டாள், சாம்பார் வாசனை, மூடி சரியாக மூடியிருக்கிறதா, ஃபைலில் சிந்தினால் என்ன ஆகும், சிந்தினால் இன்றைக்கு அச்சுக்குப் போகாது, சிந்தட்டும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டு உடனே ஃபைலை இன்னும் மேலே தூக்கிப் பிடித்தாள். லாசர் எழுதிய பாட்டெல்லாம் செத்தவன் பேசுகிற பாட்டு. அதுதான் அவருடைய வழக்கம், அதுதான் இத்தனைக்கும் காரணம். ஒரு ஆள் சுரங்கத்தில் செத்துப்போனால் மூன்றாம் நாள் லாசர் அந்த வீட்டுக்குப் போவார். கையில் ஒரு தாள். அதில் ஒரு பாட்டு, அடியில் செத்தவன் பேர். 'விளக்கு வாங்க வரப்போ என்கிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போயிருந்தான்' என்பார். பிறகு பென்னட் கிட்டாரோடும் இன்னும் மூன்று பேரோடும் வந்து அந்த வாசலில் அதைப் பாடுவார்கள். தான் எழுதினேன் என்று ஒரு வீட்டிலும் சொன்னதில்லை. தங்கவயலில் இப்படி எத்தனையோ வீட்டில் எத்தனையோ அப்பன்கள் சாவதற்கு முன் ஒரே ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தார்கள், ஒருத்தருக்கும் அதில் ஆச்சரியம் வரவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வீடும் தங்கள் வீட்டில் மட்டும்தான் அப்படி என்று நினைத்தது. பாட்டும் அப்படித்தான் இருக்கும், அந்த வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது. 'கணக்குல பெயிலானா பையனை அடிக்காதே, நானும் அதுல பெயிலானவன்தான்' என்று ஒன்று. 'என் செருப்பை உள்ளே எடுத்து வை, மழை வர்ற மாதிரி இருக்குது' என்று ஒன்று. அவ்வளவு சாதாரணமாக இருக்கும், பின்னாலேயே மூன்று குரல் 'ஆமா, மழை வரும்' என்று எடுக்கும்போது உட்கார்ந்திருக்கிறவர்களால் உட்கார்ந்திருக்க முடியாது. பொய்தான். ஆனால் முப்பத்தோரு வருஷம் இவ்வளவு நன்றாக எழுதிவிட்டு ஒரு தாளிலும் தன் பேரைப் போடாமல் போகிறவன் சொன்ன பொய். ஜெனிட்டா ஒரு மார்க் குறைந்தால் டீச்சர் மேஜைக்குப் போய் நின்றவள். தன் பேர் எங்கே எந்த அளவு எழுத்தில் வருகிறது என்று முன்னுரையைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தவள்.

லாசர் இறந்து மூன்று வருஷம். பாட்டுகளை யார் யாரோ மேடையில் பாடி, 'நாட்டுப்புறப் பாடல், ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் பென்னட் அங்கிள் வாயைத் திறந்தார், பதிப்பகமும் புத்தகம் போட முன்வந்தது. எல்லாத் தாளும் ஒரே கையெழுத்து. எல்லாத் தாளும் லாம்ப் ரூம் ஃபாரத்தின் பின்பக்கம். லாசர் பேரைப் போடப்போவதைச் சொல்ல ஜெனிட்டா வீடு வீடாகப் போனாள். ஊரில் மிச்சம் பதினைந்து வீடுதான், மற்றவர்கள் பாட்டுக்குப் பென்னட் அங்கிளிடம் தாள் இருந்தது. மதுரம் அக்கா வீட்டில் மட்டும்தான் சண்டை ஆனது. "எங்க வூட்டுக்காரரு எழுதினதுன்னு நாலு தெருவுக்கும் தெரியும். நீ நாலு எழுத்துப் படிச்சிட்டு வந்து அவரு பேரைப் புடுங்கிகினு போறியா?" என்று அந்த அம்மாள் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். அப்போது ஜெனிட்டா ஒன்று சொன்னாள். சொன்னது இப்போது கோரமண்டல் தாண்டி ஓடுகிற ரயிலில் திரும்பி வருகிறது, பல்லில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு அங்கேயே போகிறது. 'உண்மைன்னு ஒண்ணு இருக்குதுல்லக்கா.' எவ்வளவு மெதுவாக, எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். மதுரம் அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போட்டுக்கோ போ" என்று உள்ளே போய்விட்டாள். தண்ணிகூடக் கொடுக்கவில்லை. அன்றைக்கு ஜெனிட்டாவுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தன் வீட்டுத் தாளை அப்போது அவள் திருப்பிப் பார்த்திருக்கவில்லை, கையெழுத்தையும் ஒத்துப் பார்த்ததில்லை, அது கண்ணாடிச் சட்டத்துக்குள் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது, பிறந்ததிலிருந்து அங்கே இருக்கிறதை யார் திருப்பிப் பார்ப்பார்கள். கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றினாள். பின்பக்கம் ஃபாரம். விளக்கு எண், டோக்கன் எண், நேரம், கையொப்பம். மறுபடி மாட்டிவிட்டு அம்மாவுக்குக் கேட்காமல் கீழே இறங்கினாள். பென்னட் அங்கிளிடம் போய் நின்றபோது அவர் பட்டியலில் இருபத்தெட்டிலிருந்து முப்பதுக்குத் தாவினார். 'இருபத்தொம்போது?' என்று கேட்டாள். 'அதை நீயே பாத்துக்கோம்மா' என்றார். மூன்று மாசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சோத்தை மூடி வைக்காதே சலோமி, நான் வர நேரமாகும். கோபத்தை மூடி வைக்காதே சலோமி, அதுவும் ஆறிப் போகும். கதவைச் சாத்திக்கோ, காத்து வரும், தாழ்ப்பாள் மட்டும் போடாதே. ஆமா, போடாதே. இதுதான் இருபத்தொன்பது. சலோமி அவளுடைய அம்மா. இந்தப் பாட்டை அம்மா சமைக்கும்போது பாடுவாள், துணி அலசும்போது பாடுவாள், ஜெனிட்டாவுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்னால் இது தெரியும். அப்பா என்றால் அவளுக்கு முகம் இல்லை, இந்த ஆறு வரிதான். அம்மா அன்றிலிருந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதே இல்லை, 'அவரு போடாதேன்னு எழுதி வெச்சிருக்காரு' என்பாள், அக்கம்பக்கம் திட்டும், ஒரு தடவை நாய் புகுந்து மீனைத் தூக்கிக்கொண்டு போனது, அப்போதும் போடவில்லை. அந்த ஒரு வார்த்தையை இப்போது எப்படிப் போய்ப் பிடுங்குவது. மதுரம் அக்காவிடம் பிடுங்கினாளே. அது வேறு. என்ன வேறு? அது அடுத்தவர் அம்மா. பங்காருப்பேட்டையில் ரயில் நின்றது, எஞ்சின் பக்கம் ஏதோ தட்டினார்கள், இட்லிக்காரர் ஜன்னல் ஜன்னலாகக் கத்திக்கொண்டு போனார். லாசருக்குத் தன் பேர் வேண்டாம் என்றால் நாம் ஏன் போட வேண்டும். அவர் மறைத்ததை வெளியே எடுப்பதும் திருட்டுதானே. ஆனால் நாற்பத்திரண்டை எடுத்தாயிற்று. நாற்பத்து மூன்றில் அவர் எழுதியதிலேயே நல்லது இதுதான், இது அவளுக்கு மட்டும் தோன்றுவதல்ல, பென்னட் அங்கிளுக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் எழுந்து வந்து கை கொடுத்தார். ஒருத்தன் ஆயுளில் எழுதிய மிகச் சிறந்ததை மட்டும் அவனிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறவளுக்குப் பேர் உதவியாசிரியர். போனை எடுத்தாள். வைத்தாள். மேடம் வேலையை விட்டு நிறுத்தினால்? நிறுத்தமாட்டார். நிறுத்தினால்? டைக்கல் போகும்வரை சிக்னல் இருக்கும், அதற்குப் பிறகு விட்டுவிட்டுத்தான் வரும், அதற்குள் பேசவில்லை என்றால் பேசப்போவதில்லை என்று தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னா பாப்பா, ரயிலு கெடைச்சுதா?" என்றாள் அம்மா. பின்னால் குக்கர் சத்தம்.

"கெடைச்சுதும்மா. அம்மா, அந்தப் பாட்டு இருக்குதுல்ல. அப்பா பாட்டு."

"அதுக்கு இன்னா? அச்சு போட்டுட்டாங்களா?"

"அது அப்பா எழுதலம்மா. லாசர் மாமா எழுதினது."

குக்கர் ஒரு விசில் அடித்தது. அம்மா அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. காகிதத்துக்குப் பின்னாடி லாம்ப் ரூம் ஃபாரம். வெள்ளையடிச்சப்போ பாத்தேன்."

"அப்போ மூணு மாசமாத் தெரியும் உனக்கு."

"ம்."

"தெரிஞ்சுகினே நேத்துகூட நான் பாடினதைக் கேட்டுகினு சாப்பிட்டே."

ரோஸி அக்கா பிதுக்குவதை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற மாதிரி இருந்தாள்.

"உங்கப்பன் அப்படிப் பேசுற ஆளு இல்லை," என்றாள் அம்மா. குரல் மெதுவாக இருந்தது. "சோத்தை மூடி வெக்காதேன்னு சொல்வானா அவன்? தட்டு ரெடியா இல்லேன்னா வூடு ரெண்டாயிடும். எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நின்றுபோனது. "பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொன்னதில்லை. அன்னைக்குக் காலையில சண்டை. தட்டைத் தூக்கி அடிச்சிட்டுப் போனான். நான் அவன் முதுகுக்குப் பின்னாடியே கதவைச் சாத்தி, அவனுக்குக் கேக்கற மாதிரி தாழ்ப்பா போட்டேன். இனிமே இந்த வூட்டுக்கு வராதேன்னேன். வரல."

ஜெனிட்டா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மூணாம் நாள் லாசரு அந்தக் காகிதத்தைக் கொண்டாந்தாரு. அந்த மனுஷன் என்னை மன்னிச்சிட்டான்னு நெனச்சேன். அதை வெச்சுகினுதான் உன்னை வளர்த்தேன். இருபத்திரண்டு வருஷம். இப்போ நீ சொல்றே. அப்போ என்னை மன்னிச்சது லாசரா?"

"அம்மா."

"நான் தாழ்ப்பா போட்டது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியாது. லாசருக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா சொல்லியிருக்கலாம்."

"உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை அவள் என்னிடம் ஒயிட்ஃபீல்டு வரைக்கும் சொன்னாள். ஒரே ஒரு வார்த்தை. லாசராக இருந்தால் சொல்லியிருப்பார், கண் இமைக்காமல், 'ஆமா அண்ணி, என்கிட்ட சொல்லிட்டு அழுதான்' என்று சொல்லியிருப்பார், அதற்கு ஒரு பாட்டும் எழுதியிருப்பார். அவருக்கு இருந்த அந்தத் தைரியம் தனக்கு இல்லையே என்று அவளுக்கு முதல்முறையாக அவர்மேல் பொறாமையாக இருந்தது.

"தெரியாதும்மா," என்றாள்.

அம்மா குக்கரை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அந்த ஆளு பேரையே போடு," என்றாள். "மதுரம் வூட்டுல புடுங்கினே இல்ல? நம்ம வூட்டுல மட்டும் வெச்சுகினா நல்லா இருக்காது." போன் அறுந்தது. சிக்னலா, அம்மாவா என்று தெரியவில்லை.

மறுபடி அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை. மேடத்துக்கு அடித்தாள். மூன்றாம் தடவை எடுத்தார். இருபத்தொன்பதும் லாசருடையதுதான், எனக்கு முன்னாலேயே தெரியும், முன்னுரையில் அந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டும் என்று ஒரே மூச்சில், மூச்சு வாங்காமல், முன்கூட்டியே மனப்பாடம் செய்த மாதிரி சொன்னாள். "இதை இப்பவா சொல்றே?" என்றார் மேடம். ரயில் மாலூர் ஏரிக்கரையில் வளைந்தது, வெயில் முகத்தில் விழுந்தது, அவள் தன் மேஜை, நாற்காலி, அடையாள அட்டை எல்லாவற்றையும் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "வா, வந்து பேசிக்கலாம். பேனா எடுத்துப் பிரதியில திருத்திடு" என்றார் மேடம். 'வந்து பேசிக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று தேவனகுந்தி வரை யோசித்தாள். பேனாவை எடுத்து அப்பாவின் பேர்மேல் கோடு போட்டாள், ரயில் ஆடியதில் கோடு கோணலாகப் போனது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மேலே இன்னொரு கோடு போடவில்லை. பக்கத்தில் 'சி. லாசர்' என்று எழுதினாள். எழுதி முடித்ததும் அந்த ஆறு வரியைப் படித்தாள். அப்பா குரல் என்று இத்தனை வருஷம் கேட்ட குரல் அதில் இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிற ஒரு மனுஷன், கையில் துணி, எதிரே ஆணியில் ஒரு டோக்கன், அதை எடுத்துக்கொள்ள யாரும் வராத சாயங்காலம், அந்த மனுஷன் தன் மனசிலிருந்து ஒரு புருஷனை உண்டாக்கி ஒருத்திக்குக் கொடுக்கிறான். எவ்வளவு நன்றாக உண்டாக்கியிருக்கிறான். அவள் வாய்க்குள்ளேயே, உதடு அசையாமல், ஆமா என்று சொன்னாள்.

இவ்வளவும் ஜெனிட்டா சொன்னது. வேலை போகவில்லை. மேடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். புத்தகத்தை நான் வாங்கினேன், அறுபத்தேழாம் பக்கத்தில் பாட்டுக்குக் கீழே சி. லாசர் என்றுதான் இருக்கிறது. ஆனால் அவளுடைய அம்மா கேட்ட கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. லாம்ப் ரூமை மூடியபோது வேண்டாம் என்று எறிந்த பழைய பதிவேடுகளை, பின்பக்கத்தில் எழுதலாம் என்று லாசர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அவருடைய மகள் அவற்றைக் கட்டி வைத்திருக்கிறார். சென்ற மாசம் அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்தேன். இறங்குகிற ஆளிடம் டோக்கன் வாங்கிய நேரம், அவர் கையில் விளக்கு கொடுத்த நேரம் என்று இரண்டு கட்டங்கள். அருளப்பன் இறந்த நாள் காலை ஷிப்டில் இருநூற்றுப் பதினாறு பேர். இருநூற்றுப் பதினைந்து பேருக்கு இரண்டு நேரத்துக்கும் நடுவே ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு. அருளப்பனிடம் டோக்கன் வாங்கியது ஐந்து ஐம்பதுக்கு. விளக்கு கொடுத்தது ஆறு முப்பத்தைந்துக்கு. நடுவே அந்த முக்கால் மணி நேரமும் அவர் லாசருடைய ஜன்னலில் நின்றிருக்கிறார்.